டால்ச்சன் கோப்பை வெறும் ஆறுதல் பரிசா?

கேள்வி இது: அயர்லாந்தின் கேலிக் கால்பந்தில், நாட்டின் சாம்பியனுக்குக் கொடுக்கும் சாம் மக்வயர் கோப்பைக்கு ஆட இடம் கிடைக்காத கவுண்டிகளுக்காக (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) 2022 முதல் டால்ச்சன் கோப்பை என்று ஓர் இரண்டாம் அடுக்குப் போட்டி நடக்கிறது. கெர்ரி, டப்ளின் போன்ற பலமான கவுண்டிகள் இல்லாத போட்டியில் ஜெயித்து என்ன பெருமை? தோற்றவர்கள் அழாமல் இருக்கக் கொடுக்கும் மிட்டாய்தானே அது?

மிட்டாய் இல்லை என்பதுதான் என் பதில். ஏன் என்று சொல்ல ஒரு பழைய புகைப்படத்திலிருந்து தொடங்குகிறேன்.

1994 ஜூலை. ரோஸ்காமன் நகரத்தில் ஹைட் பார்க் மைதானம். லீட்ரிம் என்ற சின்னஞ்சிறு கவுண்டி, மேயோவைத் தோற்கடித்து, அயர்லாந்தின் நான்கு மாகாணங்களில் ஒன்றான கானக்டின் கோப்பையை வென்றிருக்கிறது. அன்றைய லீட்ரிமின் மொத்த மக்கள்தொகையே சுமார் 25,000. படத்தில் அணித்தலைவர் டெக்லன் டார்சி கோப்பையைப் பிடித்திருக்கிறார். கூடவே அதைப் பிடித்திருப்பவர் ஒரு முதியவர், பெயர் டாம் கேனன். லீட்ரிம் அதற்கு முன் இந்தக் கோப்பையை வென்றது ஒரே ஒரு தடவை, 1927-ல். அந்த அணியின் தலைவர்தான் இவர். நடுவில் 67 ஆண்டுகள். அயர்லாந்தில் கேலிக் கால்பந்து பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அந்தப் படம் தெரியும்.

ஆனால் அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு லீட்ரிம் இன்னொரு கோப்பையை வென்றது பலருக்குத் தெரியாது. 1990-ல் 'ஆல் அயர்லாந்து பி' என்ற பெயரில் பலவீனமான கவுண்டிகளுக்காக ஒரு போட்டி தொடங்கினார்கள். அதன் முதல் சாம்பியன் லீட்ரிம். இரண்டாவது ஆண்டு, 1991-ல், கிளேர் வென்றது. அடுத்த கோடையில் அதே கிளேர் மன்ஸ்டர் மாகாண இறுதியாட்டத்தில் கெர்ரியை 2-10க்கு 0-12 என்று சாய்த்தது.

இந்த எண்களைப் படிக்கும் விதம் சொல்லிவிடுகிறேன். முதல் எண் கோல், இரண்டாவது எண் கம்பத்துக்கு மேலே அடிக்கும் புள்ளி. ஒரு கோலுக்கு மூன்று புள்ளி. ஆக கிளேருக்கு 16, கெர்ரிக்கு 12. இதே கிளேரை 1979-ல் மில்டவுன் மால்பே ஊரில் கெர்ரி 9-21க்கு 1-9 என்று, அதாவது 36 புள்ளி வித்தியாசத்தில், துவைத்து எடுத்திருந்தது. 'மில்டவுன் படுகொலை' என்றே அந்த ஆட்டத்துக்குப் பெயர். அப்படிப்பட்ட கவுண்டி 13 ஆண்டுகளில் கெர்ரியைக் கவிழ்த்தது. கிளேருக்கு 1917-க்குப் பிறகு அதுதான் முதல் மன்ஸ்டர் பட்டம். 'இன்று ராத்திரி கிளேரில் ஒரு மாட்டையும் யாரும் கறக்கப் போவதில்லை' என்று தொலைக்காட்சி வர்ணனையாளர் மார்ட்டி மாரிசி சொன்னதை அங்கே இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

'பி' கோப்பை ஜெயித்ததால் மட்டுமே இதெல்லாம் நடந்தது என்று நான் சொல்லவில்லை. கிளேருக்கு ஜான் மாகன், லீட்ரிமுக்கு ஜான் ஓ'மஹோனி என்று நல்ல மேலாளர்கள் கிடைத்தார்கள். நல்ல தலைமுறை ஒன்றும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தது. ஆனால் ஜெயித்தே பழக்கமில்லாத அணிக்கு ஜெயிக்கும் பழக்கம் எங்கிருந்து வரும்? எங்காவது ஓர் இடத்தில், தன் அளவுக்கு உள்ள எதிரியோடு, தோற்றால் வலிக்கும் ஆட்டங்களை ஆடித்தான் வரும். அந்த இடம்தான் இரண்டாம் அடுக்கு.

இந்த விளையாட்டின் அமைப்பைத் தெரியாதவர்களுக்கு இது முழுசாகப் புரியாது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். கேலிக் கால்பந்தில் சம்பளம் கிடையாது. வீரர்களை வாங்கி விற்கும் சந்தையும் கிடையாது. நீங்கள் எந்த ஊர் கிளப்பில் ஆடுகிறீர்களோ அந்தக் கவுண்டிக்குத்தான் ஆடுவீர்கள். டப்ளின் கவுண்டியில் 2022 கணக்கெடுப்பின்படி 14 லட்சத்துக்கு மேல் மக்கள். லீட்ரிமில் 35,000. சாதாரணக் கால்பந்தில் சின்ன கிளப் ஒன்று பணம் சேர்த்து நாலு நல்ல ஆட்டக்காரர்களை வாங்கி மேலே வந்துவிடலாம். இங்கே அது முடியாது. இருக்கிற பிள்ளைகளை வைத்துத்தான் தேர் இழுக்க வேண்டும்.

அப்படி இருந்தும், சுமார் நூறு ஆண்டுகளுக்கு மேலாக எல்லாக் கவுண்டிகளும் ஒரே போட்டியில் இறங்கின. 2000 வரை மாகாணச் சுற்றில் ஒரு ஆட்டம் தோற்றால் அந்த வருஷம் முடிந்தது. அக்டோபரிலிருந்து மழையிலும் சேற்றிலும் பயிற்சி செய்து, மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 70 நிமிஷம் ஆடி, வீட்டுக்குப் போக வேண்டும். 2001-ல் 'பின்வாசல்' என்று சொல்லப்பட்ட தகுதிச் சுற்று வந்தது. மாகாணத்தில் தோற்றவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு. அதனால் அதிகம் பயனடைந்தது பலமான அணிகள்தான். அந்த முதல் வருஷமே கால்வே கானக்டில் ரோஸ்காமனிடம் தோற்று, பின்வாசல் வழியாக வந்து சாம் மக்வயரையே தூக்கிக்கொண்டு போனது. சின்னக் கவுண்டிக்குக் கிடைத்தது பெரும்பாலும் இரண்டாவது தோல்வி.

அப்புறம் டப்ளினின் காலம். 2011 முதல் 2024 வரை தொடர்ந்து 14 லென்ஸ்டர் பட்டங்கள். 2015-ல் லாங்ஃபோர்டை 4-25க்கு 0-10 என்று 27 புள்ளி வித்தியாசத்தில் வென்றார்கள். 2017-ல் வெஸ்ட்மீத்தை 4-29க்கு 0-10. அதாவது 31 புள்ளி. பந்தியில் உட்கார வைத்துவிட்டு இலை போடாமல் விட்டது போலத்தான் அது. 'எல்லோரும் சமம், எல்லோரும் சாமுக்கு ஆடுகிறோம்' என்ற பேச்சு கேட்க அழகாக இருக்கும். இருபதாவது நிமிஷத்தில் ஆட்டம் முடிந்துபோய், மீதி ஐம்பது நிமிஷமும் பந்தை வலைக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டிருக்கும் கோல்கீப்பரிடம் அதைச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

நான் பல வருஷமாக வெஸ்ட்மீத்தில் குடியிருக்கிறேன். பக்கத்துக் கவுண்டி ஒன்றின் அணியில் இருந்த ஓர் எலக்ட்ரீஷியன் எங்கள் வீட்டில் வேலை பார்க்க வந்திருந்தார். வேனின் பின்கதவைத் திறந்தபோது வயர் சுருள்களுக்கு நடுவே ஒரு வலைப்பை நிறையப் பந்து, காயாத கையுறை ஒரு ஜோடி, அடியில் சேறு அப்பிய பூட்ஸ். வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் வேலை முடிந்ததும் அப்படியே வேனில் ஏறி, வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் சாண்ட்விச் வாங்கித் தின்றுகொண்டே ஒரு மணி நேரம் ஓட்டிப் பயிற்சிக்குப் போவார். திரும்பும்போது பதினொன்று ஆகிவிடும். எதற்காக இவ்வளவு என்று கேட்டேன். முன்பெல்லாம் தனக்கே அந்தச் சந்தேகம் வரும் என்றார். ஜூன் தொடங்கும்போதே வருஷம் முடிந்துவிடும், சின்னப் பையன்கள் கோடை முழுக்க அமெரிக்காவுக்கு வேலைக்கும் ஆட்டத்துக்கும் கிளம்பிவிடுவார்கள், அடுத்த அக்டோபரில் யார் திரும்பி வருவார்கள் என்று மேலாளருக்கே தெரியாது. டால்ச்சன் வந்த பிறகு குறைந்தபட்சம் நாட்காட்டியில் குறித்து வைக்க ஏதோ இருக்கிறது என்றார். 'குறித்து வைக்க' என்று அவர் சொன்ன விதம் எனக்கு மறக்கவில்லை.

சரி, இரண்டாம் அடுக்கு இவ்வளவு நல்லது என்றால் பழைய முயற்சிகள் ஏன் நிலைக்கவில்லை? இது நியாயமான கேள்வி. 'பி' போட்டி 2000-த்தோடு நின்றுவிட்டது. 2004-ல் டாமி மர்ஃபி கோப்பை வந்தது. லீஷ் கவுண்டியின் டாமி மர்ஃபி பதினாறு வயதிலேயே கவுண்டி அணிக்கு ஆடி 'அதிசயச் சிறுவன்' என்று பெயர் வாங்கியவர். ஆயிரமாண்டு அணி என்று, இந்த விளையாட்டை நடத்தும் ஜி.ஏ.ஏ. அமைப்பு தேர்ந்தெடுத்த பதினைந்து பேரில் ஒருவர். பெயர் நல்ல பெயர்தான். போட்டியை நடத்திய விதம்தான் சரியில்லை. பல கவுண்டிகள் அதை மதிக்கவில்லை. 2007, 2008-ல் கவுண்டி லீகின் கடைசிப் பிரிவான நான்காம் டிவிஷன் அணிகளைப் பின்வாசலிலிருந்து வெளியேற்றி, நீங்கள் இதில் ஆடினால் போதும் என்றார்கள். அது தண்டனை மாதிரி ஆகிவிட்டது. வென்றாலும் அடுத்த வருஷத்துக்கு எந்தக் கதவும் திறக்காது. 2008-க்குப் பிறகு அதுவும் போயிற்று.

இவ்வளவு அரைகுறையாக நடந்த போட்டிகூட என்ன செய்தது பாருங்கள். 2007-ல் விக்லோ வென்றது, மேலாளர் மிக் ஓ'ட்வயர். கெர்ரிக்கு எட்டு சாம் மக்வயர் வாங்கிக் கொடுத்தவர் எழுபது வயதில் விக்லோவுக்கு வந்து இந்தக் கோப்பைக்காக எல்லைக்கோட்டில் நின்றார். அவருக்கு இது சின்னதாகத் தெரியவில்லை. இரண்டு வருஷம் கழித்து, 2009-ல், விக்லோ தன் சொந்த ஆக்ரிம் மைதானத்தில் ஃபெர்மானா, கேவன், டவுன் மூன்று கவுண்டிகளையும் வரிசையாகத் தோற்கடித்தது. 2008-ல் வென்ற ஆன்ட்ரிம், அடுத்த ஆண்டே அல்ஸ்டர் மாகாண இறுதியாட்டத்துக்கு வந்தது. 1970-க்குப் பிறகு அவர்களுக்கு அதுதான் முதல் தடவை. நடப்பு சாம்பியன் டைரோனிடம் தோற்றார்கள், அது வேறு விஷயம். லீட்ரிம், கிளேர், விக்லோ, ஆன்ட்ரிம் என்று நான்கு தடவை ஒரே மாதிரி நடந்தால் அதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

டால்ச்சன் கோப்பையில் இந்தப் பழைய தவறுகளைப் பெரும்பாலும் திருத்தினார்கள். 2019 அக்டோபரில் ஜி.ஏ.ஏ. சிறப்பு மாநாட்டில் முடிவானது, கோவிட் காரணமாக 2022-ல்தான் தொடங்க முடிந்தது. பெயர் மீத் கவுண்டியின் டெல்டவுனில் பழங்காலத்தில் நடந்ததாகச் சொல்லப்படும் டால்ச்சன் விளையாட்டுகளிலிருந்து வந்தது. அரையிறுதியும் இறுதியும் டப்ளினில் இருக்கும் தலைமை மைதானமான க்ரோக் பார்க்கில். 2023 முதல் 2025 வரை நான்கு நான்கு அணிகளாகக் குழு ஆட்டமும் இருந்தது. ஆக, எவ்வளவு மோசமாக ஆடினாலும் அப்போது மூன்று ஆட்டம் உறுதி. இறுதிவரை போனால் ஆறோ ஏழோ ஆட்டம். எல்லாவற்றையும்விட முக்கியமானது, வெல்லும் அணிக்கு அடுத்த ஆண்டு சாம் மக்வயரில் இடம். லீகில் எந்த டிவிஷனில் இருந்தாலும் சரி. கதவைச் சாத்திவிட்டுச் சாவியை எறியவில்லை, சாவியைக் கோப்பைக்குள்ளேயே போட்டு வைத்தார்கள்.

முதல் கோப்பையை வென்றது எங்கள் வெஸ்ட்மீத். 2022 ஜூலை 9. கேவனை 2-14க்கு 1-13. ஐந்து வருஷம் முன்பு டப்ளினிடம் 31 புள்ளியில் தோற்றதாகச் சொன்னேனே, அதே கவுண்டி. சாம் மக்வயர் இறுதியாட்டத்துக்கு ஒருமுறைகூட வராத கவுண்டி. 2004-ல் வென்ற லென்ஸ்டர் பட்டம் ஒன்றுதான் அதுவரை பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தது. எங்கள் தெருவில் ஒரு பெரியவர் 2004-ல் கட்டிய கொடியைப் பரணிலிருந்து எடுத்து வாசல் கேட்டில் கட்டினார். அரக்கு நிறம் வெளுத்து இளஞ்சிவப்பாகியிருந்தது. புதுசு வாங்கிக்கொள்ளலாமே என்று அவருடைய பேரன் கேட்டதற்கு, இதுதான் ராசியான கொடி என்று சொல்லிவிட்டார். அந்தச் சாயங்காலம் தெருவில் கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்திருந்தால் 'இரண்டாம் தரம்' என்ற வார்த்தை யார் வாயிலும் வந்திருக்காது.

ஆனால் கொண்டாட்டத்தை வைத்து மட்டும் ஒரு போட்டியை எடைபோடக் கூடாது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்க்க வேண்டும். 2023-ல் வெஸ்ட்மீத் சாம் மக்வயரில் ஆர்மா, டைரோன், கால்வே இருக்கும் குழுவில் மாட்டியது. ஆர்மாவிடம் ஒரே ஒரு புள்ளியில் தோல்வி. டைரோனோடு டிரா. வெளியேறிவிட்டார்கள், உண்மைதான். ஆனால் அந்த ஆர்மா அடுத்த ஆண்டே சாம் மக்வயரை வென்றது என்பதை நினைத்துப் பார்த்தால் வெஸ்ட்மீத் எந்த அளவுக்கு நெருங்கியிருந்தது என்று தெரியும்.

2024-ல் வென்ற டவுன், 2025-ல் சாம் மக்வயரின் குழுச் சுற்றைத் தாண்டி, நியூரியில் கால்வேயை இரண்டு புள்ளி வரை துரத்தியது. 2023-ல் வென்ற மீத்தின் கதை இன்னும் பெரியது. அந்த வருஷம் லென்ஸ்டரில் ஆஃபலியிடம் தோற்று டால்ச்சனுக்கு வந்து விழுந்த அணி அது. ஏழு சாம் மக்வயர் வென்ற கவுண்டி, மேலாளர் அந்தக் காலத்து நட்சத்திரம் கொலம் ஓ'ரோர்க். இவர்களுக்கு இது அவமானம் என்று எழுதியவர்களும் உண்டு. அவர்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளாமல் ஆடி ஜெயித்தார்கள். 2024-ல் சாம் மக்வயரில் மூன்று குழு ஆட்டமும் தோல்வி. பார்த்தீர்களா, அவ்வளவுதான் இவர்கள் என்றார்கள். 2025-ல் புது மேலாளர் ராபி பிரென்னன் தலைமையில் லென்ஸ்டர் அரையிறுதியில் டப்ளினை வென்றார்கள். சாம்பியன்ஷிப்பில் டப்ளினை மீத் தோற்கடித்தது 2010-க்குப் பிறகு அன்றுதான். அப்புறம் குழுச் சுற்றில் கெர்ரியை வென்றார்கள். காலிறுதியில் கால்வேயையும். அரையிறுதியில் டொனிகாலிடம் தோற்றார்கள். டால்ச்சன் இறுதியிலிருந்து சாம் மக்வயர் அரையிறுதிக்கு இரண்டே வருஷம்.

ஆண்கள் ஆட்டத்தில் இதற்கு மேல் சான்று வர இன்னும் சில ஆண்டு ஆகும். பெண்கள் ஆட்டத்தில் ஏற்கனவே வந்துவிட்டது. இந்தப் பதிலில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் கேலிக் கால்பந்தில் சீனியர், இன்டர்மீடியட், ஜூனியர் என்று மூன்று அடுக்கு உண்டு. மூன்று இறுதியாட்டமும் ஒரே நாளில், க்ரோக் பார்க்கில். மீத் பெண்கள் அணி சீனியரில் தாக்குப்பிடிக்க முடியாமல் இன்டர்மீடியட்டுக்கு இறங்கியது. 2018-ல் இன்டர்மீடியட் இறுதியில் டைரோனிடம் தோற்றார்கள். 2019-ல் மறுபடி இறுதிக்கு வந்து டிப்பரரியிடம் தோற்றார்கள். 2020-ல் மூன்றாவது முறையாக வந்து வெஸ்ட்மீத்தை வென்று மேலே ஏறினார்கள். ஏறிய முதல் வருஷமே, 2021 சீனியர் இறுதியில், தொடர்ந்து ஐந்தாவது பட்டத்துக்காக வந்த டப்ளினை 1-11க்கு 0-12 என்று தோற்கடித்தார்கள். அடுத்த ஆண்டு கெர்ரியை வென்று பட்டத்தைத் தக்கவைத்தார்கள்.

மேலாளர் ஏமன் மரியின் அந்த அணி இரண்டாம் அடுக்கில் இருந்த வருஷங்களை நினைத்துப் பாருங்கள். மூன்று ஆண்டு தொடர்ந்து க்ரோக் பார்க்கில் இறுதியாட்டம். இரண்டு தடவை அழுதுகொண்டே உடை மாற்றும் அறைக்குத் திரும்பியவர்கள். டப்ளினை எதிர்த்து நின்ற நாளில் அந்த மைதானத்தின் அகலம், சத்தம், கடைசிப் பத்து நிமிஷத்தின் கனம் எதுவுமே அவர்களுக்குப் புதுசில்லை. அந்த மூன்று வருஷமும் சீனியரிலேயே இருந்து, முதல் சுற்றிலேயே உதைபட்டு வெளியேறியிருந்தால் இந்தப் பாடம் எங்கே கிடைத்திருக்கும்?

மட்டையும் சிறு பந்தும் வைத்து ஆடும் ஹர்லிங் விளையாட்டில் இந்த வாதமே கிடையாது. அங்கே ஐந்து அடுக்கு இருக்கிறது. முதல் அடுக்கான லியம் மெக்கார்த்தி கோப்பைக்குக் கீழே ஜோ மெக்டோனா, கிறிஸ்டி ரிங், நிக்கி ராக்கர்ட், லோரி மாஹர். 2019-ல் லீஷ் இரண்டாம் அடுக்கான ஜோ மெக்டோனாவை வென்ற ஒரே வாரத்தில் டப்ளினைத் தன் ஊரில் வைத்துத் தோற்கடித்தது. கால்பந்துக்காரர்கள் மட்டும் ஏன் இவ்வளவு தயங்கினார்கள்? கால்பந்து நாடு முழுக்க ஆடப்படுவதால், 'நாங்களும் ஒரு நாள்' என்ற கனவு ஒவ்வொரு கவுண்டியிலும் உண்டு. அந்தக் கனவை யாரோ அலுவலக அறையில் உட்கார்ந்து இரண்டாக வெட்டுகிறார்கள் என்ற கோபம். அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன்.

ஏனென்றால் அந்தக் கனவு சும்மா இல்லை. 2004-ல் ஃபெர்மானா பின்வாசல் வழியாக வந்து, காலிறுதியில் ஆர்மாவை வென்று, அரையிறுதியில் மேயோவோடு டிரா செய்து, மறு ஆட்டத்தில்தான் தோற்றது. ஒரு மாகாணப் பட்டம்கூட வெல்லாத கவுண்டி அது. இன்றைய அடுக்கு முறை அன்று இருந்திருந்தால் அந்தக் கோடை வந்திருக்குமா? வராமலே போயிருக்கலாம். இந்த இழப்பை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மாகாணப் போட்டிகள் இன்னும் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கின்றன. மாகாண இறுதிக்கு வந்தால் எந்த டிவிஷன் அணியும் சாம் மக்வயருக்குப் போகலாம். 2020-ல் கேவன் அல்ஸ்டரையும், டிப்பரரி 1935-க்குப் பிறகு முதல் முறையாக மன்ஸ்டரையும் வென்றது போன்ற அதிசயங்களுக்கு வழி மூடவில்லை. அந்தக் கேவன் அடுத்த ஆண்டே நான்காம் டிவிஷனுக்கு விழுந்து, அதற்கு அடுத்த ஆண்டு டால்ச்சன் இறுதியில் நின்றது. ஒரு கவுண்டியின் நிலைமை எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

எனக்குள்ள உண்மையான மனக்குறை வேறு. 2025 வரை வென்ற நான்கு பேரைப் பாருங்கள். வெஸ்ட்மீத், மீத், டவுன், கில்டேர். நாட்டின் சாம்பியன் பட்டமான ஆல் அயர்லாந்து பட்டம் மீத்துக்கு ஏழு, டவுனுக்கு ஐந்து, கில்டேருக்கு நான்கு. 1928-ல் சாம் மக்வயர் கோப்பை முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதைத் தூக்கிய அணியே கில்டேர்தான். பழைய பெருவீட்டுக்காரர்கள் கஷ்டகாலத்தில் வந்து தங்கிப் போகும் சத்திரமாக டால்ச்சன் ஆகிவிடக் கூடாது. லீட்ரிம், கார்லோ, வாட்டர்ஃபோர்ட், லண்டன் (அங்கே குடியேறிய ஐரிஷ்காரர்களின் அணி) போன்ற அணிகளுக்காகவும்தான் இது தொடங்கப்பட்டது. அவர்களுக்குச் சில நல்ல ஆட்டம் கிடைக்கிறது, ஆனால் 2025 வரை கோப்பை கைக்கு எட்டவில்லை. அதற்காக மூன்றாம் அடுக்கு ஒன்று தொடங்கலாம் என்பவர்களோடு நான் உடன்படவில்லை. இரண்டாம் அடுக்கே இப்போதுதான் வேர் பிடிக்கிறது.

வேர் பிடிக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், 2025 அரையிறுதிகளை வைத்துத்தான். கில்டேரோடு ஆடியது ஃபெர்மானா. லிமரிக்கோடு ஆடியது விக்லோ. மாகாணப் பட்டமே வெல்லாத கவுண்டிகள் இரண்டே இரண்டுதான், அந்த இரண்டும் அன்று க்ரோக் பார்க்கில் அரையிறுதி ஆடின. லிமரிக்கோ ஹர்லிங் வெறி பிடித்த கவுண்டி. 1887-ம் ஆண்டுக்கான முதல் ஆல் அயர்லாந்து கால்பந்துப் பட்டம் அவர்களுடையது, 1896-ல் இன்னொன்று. அதற்குப் பிறகு அந்தப் பட்டத்தின் பக்கமே போகாதவர்கள், 2025-ல் டால்ச்சன் இறுதி ஆடினார்கள். கால்பந்து ஆடும் லிமரிக் சிறுவனுக்குத் தன் ஊர் ஜெர்சியைக் க்ரோக் பார்க்கில் ஒரு கால்பந்து இறுதியாட்டத்தில் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். ஹர்லிங் அணியின் நிழலில் இரண்டாம் பிள்ளையாக வளர்ந்தவன் அவன்.

மாற்ற வேண்டியதும் உண்டு. டால்ச்சன் இறுதியை சாம் மக்வயர் அரையிறுதிக்கு முன்னால் அதே நாளில் நடத்துவது எனக்குப் பிடிக்கவில்லை. 82,000 பேர் உட்காரும் மைதானத்தில் பாதி இருக்கைகள் காலியாக இருக்கும்போது கோப்பை கொடுக்கிறார்கள். வென்ற அணி மைதானத்தைச் சுற்றி வந்து முடிப்பதற்குள் அடுத்த அணிகள் பயிற்சிக்கு இறங்கிவிடுகின்றன. அந்த நாள் அவர்களுடைய நாளாக இருக்க வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் இன்டர்மீடியட் இறுதியை சீனியர் இறுதி நாளிலேயே, அதே கூட்டத்தின் முன்னால் நடத்துகிறார்கள். அதையாவது பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

நீங்கள் அயர்லாந்தில் இருந்தால், அல்லது கோடையில் வர நேர்ந்தால், மே மாதத்தில் ஏதாவது ஒரு டால்ச்சன் ஆட்டத்துக்குப் போய்ப் பாருங்கள். மல்லிங்கர், ஆக்ரிம், லாங்ஃபோர்ட், எந்த ஊரானாலும் சரி. கூட்டம் சில ஆயிரம்தான் இருக்கும். கார் டிக்கியைத் திறந்து வைத்து ஃபிளாஸ்கில் தேநீரும் சாண்ட்விச்சும் பரிமாறிக்கொண்டிருப்பார்கள், கேட்டால் உங்களுக்கும் ஒரு கோப்பை ஊற்றித் தருவார்கள். ஆட்டம் முடிந்த விசில் ஊதியதும் சுவரேறிக் குதித்து மைதானத்துக்குள் ஓடும் பிள்ளைகளோடு நீங்களும் உள்ளே போகலாம், யாரும் தடுப்பதில்லை. ஜெர்சியின் முதுகில் கையெழுத்து வாங்க மார்க்கர் பேனாவோடு நிற்கும் ஒரு சிறுமிக்காக, முழங்காலில் ரத்தம் காய்ந்த ஒரு தடுப்பாட்டக்காரர் குனிந்து கையெழுத்துப் போடுவார். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் வேலைக்குப் போக வேண்டும். அடுத்த ஆட்டம் எப்போது என்று அவள் கேட்பாள். அவரிடம் சொல்வதற்கு ஒரு தேதி இருக்கும்.